கட்டைவிரலின் சாட்சியம்

கதவுக்கு வெளியே எழும் சந்தேகம்

அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வெளியே, ஒரு கையில் பிளாஸ்கும் மறு கையில் மருந்துச் சீட்டுமாகப் பெஞ்சியில் காத்திருந்த அனுபவம் உள்ளவர் எவருக்கும் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். அறுவை மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் நோயாளி வெளியே வர மேலும் இருபது நிமிஷமோ அரை மணியோ ஆகிவிடுகிறது. தையல் போட்டாயிற்று, கருவிகளை எண்ணியாயிற்று என்றால், உள்ளே இன்னும் என்னதான் நடக்கிறது? ஒருவழியாகத் தள்ளுகட்டிலில் வெளியே கொண்டுவரப்பட்ட பிறகும், திறக்க முயன்ற இமை பாதியிலேயே நின்றுவிடுவதையும், பேச வாயெடுத்தால் நாக்குக் குழறுவதையும், தூக்கிய கை தொப்பென்று விழுவதையும் கண்டு, "மயக்கம் இன்னும் தெளியவில்லை" என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தச் சமாதானம் பாதிதான் உண்மை. பிரக்ஞை திரும்பாமல் இருப்பது ஒன்று; பிரக்ஞை திரும்பிய பிறகும் தசைகள் தம் வசத்துக்கு வராமல் இருப்பது முற்றிலும் வேறொன்று. முன்னதை மயக்கம் என்றும் பின்னதைத் தளர்ச்சி என்றும் பிரித்து அழைத்தால் குழப்பம் நீங்கும். தளர்ச்சியை எவ்வாறு நீக்குவது, நீங்கிவிட்டதென்று எவ்வாறு அறிவது, அதற்கு ஆகும் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பவையே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

தளர்ச்சி ஏன் வேண்டியிருந்தது?

வயிற்றைத் திறந்து வேலை செய்ய வேண்டுமானால், வயிற்றுச் சுவரின் தசைகள் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். சுவாசக் குழாயைத் தொண்டைக்குள் செலுத்த வேண்டுமானால் குரல்நாண்கள் அசையாமல் விலகி நிற்க வேண்டும். ஈதரும் குளோரோபாரமும் மட்டுமே இருந்த காலத்தில், இந்த நெகிழ்ச்சியைப் பெற ஒரே வழி, நோயாளியை மயக்கத்தின் ஆழத்துக்கு, சில சமயம் மரணத்தின் வாசல்படி வரைக்குமே கொண்டுபோவதுதான். அந்த நிர்ப்பந்தத்திலிருந்து மருத்துவத்தை விடுவித்தது, தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய கியூராரே என்னும் கொடி நஞ்சு.

அது எப்படிக் கொல்கிறது என்பதை 1814-இல் சார்லஸ் வாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு பெண் கழுதையைக் கொண்டு காட்டினார். நஞ்சேற்றிய கழுதை மூச்சின்றிச் சாய்ந்ததும், அதன் மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் மணிக்கணக்கில் காற்றூதிக் காப்பாற்றினார்; அது பின்னர் அவருடைய தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. நஞ்சு இருதயத்தைத் தொடவில்லை, மூளையைத் தொடவில்லை, சுவாசத் தசைகளைச் செயலற்றவையாக்கியே கொல்கிறது என்பது அதனால் விளங்கிற்று. அடுத்த தலைமுறையில் பாரிஸ் நகரத்தில் கிளோத் பெர்னார், தவளைகளை வைத்து நடத்திய பரிசோதனைகளால், நரம்பு தசையைத் தொடும் இடத்திலேதான் அது வேலை செய்கிறது என்று நிலைநாட்டினார். 1942 ஜனவரி 23 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும், குடல்வால் அறுவைக்குப் படுத்திருந்த ஓர் இளைஞருக்கு அதன் சுத்தப்படுத்திய சாரத்தைச் செலுத்தி, மெல்லிய மயக்கத்திலேயே வயிறு தளர்வதைக் கண்டார்கள். இன்று கியூராரே வழக்கொழிந்து, ரோகுரோனியம், வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற செயற்கைத் தசைத்தளர்த்திகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன என்றாலும், அவை செய்யும் காரியம் அந்த அம்பு செய்த காரியமேதான்.

ஒரு பந்தியின் கதை

நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையே மிகக் குறுகிய ஓர் இடைவெளி இருக்கிறது. "சுருங்கு" என்ற ஆணை நரம்பு வழியே வந்ததும், அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருள் அந்த இடைவெளியில் கொட்டப்பட்டு, தசையின் மேற்பரப்பில் உள்ள, நாம் ஏற்பிகள் என்று அழைக்கப்போகிற இருக்கைகளில் போய் அமர்கிறது. இதை ஒரு கல்யாணப் பந்தியாகக் கற்பனை செய்து பார்ப்போம். வரிசையாகப் போட்ட இலைகளே ஏற்பிகள். அழைப்புப் பெற்று வந்து உட்காரும் விருந்தாளிகளே அசிட்டைல்கோலின். சாப்பிட்டு முடித்தவரைக் கணமும் தாமதியாமல் எழுப்பி அனுப்ப ஓர் ஆள் நிற்கிறார். அவர் அங்கே இயங்கும் ஒரு நொதி. அவர் அத்தனை சுறுசுறுப்பாக இருப்பதனால்தான் ஓர் ஆணைக்கு ஒரு முறை மட்டும் சுருங்கிவிட்டுத் தசை அடுத்த ஆணைக்குத் தயாராகிறது.

தசைத்தளர்த்தி என்பது, அழைப்பில்லாமல் கூட்டமாக வந்து இலைகளின் முன் உட்கார்ந்துகொண்டு, தாமும் உண்ணாமல் பிறரையும் உண்ணவிடாமல் இருக்கும் கும்பல். அவர்கள் ஒரே இடத்தில் வேரூன்றி இருப்பதில்லை. எழுவதும், உலாவுவதும், மறுபடி வந்து உட்காருவதுமாக இருப்பார்கள். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறையக் குறையத்தான், எழுந்தவர் திரும்பி வருவதும் குறையும்.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். இயற்கை நமக்குத் தேவைக்கு மேல் மிக அதிகமாகவே இலை போட்டு வைத்திருக்கிறது. நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து இலைகளை வேற்றாட்கள் பிடித்துக்கொள்ளும் வரையில் தசையின் வேலையில் ஒரு குறையும் வெளியே தெரிவதில்லை. அதற்கு மேல் போனால்தான் தளர்ச்சி தலைகாட்டுகிறது. அப்படியானால், நோயாளியின் கை பலமாக இருப்பதாகத் தோன்றும்போதும், பந்தியில் முக்கால் பங்கு இடம் இன்னும் அந்நியர் வசத்தில் இருக்கக்கூடும். தொடர்ந்து வரும் அபாயங்கள் அனைத்துக்கும் இதுவே மூலகாரணம்.

மூச்சு வரும், விழுங்க வராது

உடலின் தசைகள் யாவும் ஒரே சமயத்தில் விடுதலை பெறுவதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நின்று மூச்சை இழுக்கும் உதரவிதானம் உறுதியானது. அது முதலில் மீள்கிறது. தொண்டையையும் நாவின் அடியையும் ஆளும் சிறு தசைகள் கடைசியில் மீள்கின்றன. ஆகவே, தானே மூச்சு விடுகிறார் என்ற திருப்தியோடு குழாய் அகற்றப்பட்ட நோயாளி ஒருவர், எச்சிலை ஒழுங்காக விழுங்க முடியாமலும், வாந்தி வந்தால் சுவாசப்பாதையைக் காத்துக்கொள்ள முடியாமலும், சளியை இருமித் தள்ள முடியாமலும் மீட்பறையில் படுத்திருக்க நேரிடும். பிராணவாயு குறைந்தால் வேகமாக மூச்சுவிடச் செய்யும் சரீரத்தின் இயல்பான எச்சரிக்கைகூட அந்த நிலையில் மந்தப்பட்டுவிடுகிறது. இதற்கு எஞ்சிய தளர்ச்சி என்று பெயர் வைப்போம். அதன் விளைவு அன்றைக்கே தெரியவேண்டுமென்பதில்லை. இரண்டு நாள் கழித்து நுரையீரல் அழற்சியாக வெளிப்பட்டு, காரணம் இன்னதென்று யாரும் இணைத்துப் பாராமலேயே போய்விடலாம்.

1954-இல் அமெரிக்காவின் பீச்சர், டாட் என்னும் இருவர், பத்து மருத்துவமனைகளில் ஐந்தாண்டுகளில் மயக்கமருந்து பெற்ற சுமார் ஆறு லட்சம் பேரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. தசைத்தளர்த்தி பெறாதவர்களில் மயக்கமருந்தோடு தொடர்புடைய மரணம் 2,100 பேரில் ஒன்று. பெற்றவர்களிலோ 370 பேரில் ஒன்று. அந்த மருந்திலேயே ஏதோ உள்ளார்ந்த விஷம் இருக்கிறதென்று ஆசிரியர்கள் எண்ணினார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மருத்துவர்களோ, சிசில் கிரே என்பவரின் வழிகாட்டலில் அதே மருந்தைத் தாராளமாகப் பிரயோகித்து, முடிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் அதை முறிக்கும் மருந்தைத் தவறாமல் கொடுத்து நல்ல பலன் கண்டுவந்தார்கள். கட்டிய தளையை அவிழ்க்காமலே மனிதனை அனுப்பிவிட்டதுதான் அம்மரணங்களில் பலவற்றுக்குக் காரணம் என்ற தெளிவு பிறகே பிறந்தது.

பழைய மீட்பு மருந்து

அவிழ்க்கும் மருந்துக்கும் ஒரு நஞ்சுக் கொட்டையே வழிகாட்டிற்று. மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் பிரதேசத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தின்னக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லப் பயன்பட்ட கொட்டை அது. அதன் சத்து கியூராரேயின் பிடியைத் தளர்த்துவதை 1900-இல் வியன்னா நகரத்து யாகோப் பால் கவனித்தார். அதே பாணியில் 1931-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டதே நியோஸ்டிக்மின்.

பந்திக்குத் திரும்புவோம். நியோஸ்டிக்மின் வேற்றாட்களை வெளியேற்றுவதில்லை. அவர்கள்மேல் அது கை வைப்பதே இல்லை. விருந்தாளிகளை எழுப்பி அனுப்பும் அந்தச் சுறுசுறுப்பான ஆளைக் கட்டிப்போடுகிறது. அதனால் விருந்தாளிகள் கலையாமல் கூடிக்கொண்டே போய், ஓர் இலை காலியானவுடன் வேற்றாள் திரும்புவதற்கு முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேற்றாட்கள் சிலரே எஞ்சியிருக்கும்போது இந்த உபாயம் நன்றாகப் பலிக்கும். பந்தி முழுவதும் அவர்கள் வசத்தில் இருக்கும்போதோ பலிக்காது. அந்த ஆளை ஒருமுறை முழுவதுமாகக் கட்டிய பிறகு, மேலும் மருந்தேற்றினால் மேலும் கட்ட யாருமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. அசிட்டைல்கோலினை நம்பி நடக்கும் பந்தி தசையில் மட்டும் நடப்பதன்று. இருதயத்திலும், உமிழ்நீர்ச் சுரப்பியிலும், குடலிலும், மூச்சுக்குழலிலும் நடக்கிறது. அங்கெல்லாம் கூட்டம் சேர்ந்தால் நாடி தணியும், எச்சில் பெருகும், மூச்சுக்குழல் இறுகும். அதைத் தடுக்க அட்ரோபினோ கிளைகோபைரோலேட்டோ துணைக்கு அனுப்பப்படுகிறது. அது நாடியைத் துரிதப்படுத்தி வாயை உலரவைக்கிறது. அறுவைக்குப் பின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தாகத்தால் தவித்தவர்கள், தம் தவிப்பில் ஒரு பங்கை இந்தத் துணை மருந்தின் கணக்கில் எழுதலாம். இத்தனை குறையிருந்தும், மலிவாகவும் பழகியதாகவும் இருப்பதனால், நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இந்த ஜோடியே இன்றும் வேலை செய்கிறது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

சர்க்கரை வளையம்

ரோகுரோனியத்தைத் தயாரித்தது ஆர்கனான் என்ற டச்சு நிறுவனம். அதன் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் நியூஹவுஸ் என்ற ஊரில் இருந்தது. அங்கே பணியாற்றிய ஆன்டன் போம், தண்ணீரில் எளிதில் கரையாத ஸ்டீராய்டு வகைப் பொருள்களைப் பரிசோதனைக்காகக் கரைத்தெடுக்க ஒரு துணைப்பொருள் தேடியபோது, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் வளைய வடிவான சைக்ளோடெக்ஸ்ட்ரின்களிடம் வந்து சேர்ந்தார். அவ்வளையத்தின் வெளிப்புறம் நீரோடு உறவாடும். உட்குழிவோ, நீரை வெறுக்கும் பொருள்களை வாரி வைத்துக்கொள்ளும். ரோகுரோனியமும் ஸ்டீராய்டுச் சட்டம் கொண்டதே. அப்படியென்றால், அதை ரத்தத்திலேயே இத்தகைய குழிவுக்குள் சிறைப்படுத்திவிட முடியாதா என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. எட்டு சர்க்கரை அலகுகள் சேர்ந்த வளையத்தின் குழிவை ஆழப்படுத்தி, ரோகுரோனியத்தின் நேர்மின்னேற்றத்தைப் பற்றிக்கொள்ள விளிம்பில் எதிர்மின்னேற்றம் கொண்ட கைகளை ஒட்டி உருவாக்கியதே சுகமாடெக்ஸ். தமிழ்க் காதுக்குச் சுகம் என்று ஒலித்தாலும், அப்பெயரின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் சர்க்கரையைக் குறிப்பது.

இது பந்திக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, உலாவ வெளியே வரும் வேற்றாட்களை ஒருவருக்கு ஓர் அறையாகப் பூட்டிவிடுகிறது. வெளியே ஆளில்லாமல் போகவே, உள்ளே எழுந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். திரும்ப யாரும் வருவதில்லை. பூட்டிய ஜோடிகள் அப்படியே சிறுநீரில் கழிந்துவிடுகின்றன. இருதயத்துப் பந்தியை அது தொடாததனால் துணை மருந்தும் தேவையில்லை. ஆனால் ரோகுரோனியம், வெக்குரோனியம் என்ற ஒரு குடும்பத்தாரை மட்டுமே அது அறியும். அட்ராகுரியத்தின் முன் அதற்கு வேலையில்லை.

வேகத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 41 பரிசோதனைகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, நடுத்தரத் தளர்ச்சியிலிருந்து மீள நியோஸ்டிக்மினுக்குச் சராசரி 13 நிமிஷமும் சுகமாடெக்ஸுக்கு 2 நிமிஷமும் ஆயின. ஆழ்ந்த தளர்ச்சியிலிருந்து மீள முன்னதற்கு 49 நிமிஷம், பின்னதற்கு 3 நிமிஷம்.

ஒரு நிமிஷத்தின் விலை

இனிக் கணக்குக்கு வருவோம். விலைப்பட்டியலும் அரசாங்க மதிப்பீடும் தெளிவாக வெளியிடப்பட்டிருக்கும் பிரிட்டனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2010-இல் அங்கே 200 மில்லிகிராம் சுகமாடெக்ஸ் குப்பி ஒன்றின் விலை 59 பவுண்டு 64 பென்ஸ். நியோஸ்டிக்மின் குப்பியின் விலை அதன் அருகில் வைத்துப் பேசத் தகாத அளவுக்குச் சொற்பம். அந்நாட்டுச் சுகாதாரத் துறைக்காகப் பொருளாதார மதிப்பீடு செய்தவர்கள் ஓர் அழகான கேள்வியைக் கேட்டார்கள்: மீதமாகும் நிமிஷம் எந்த அறையில் மீதமாகிறது? அறுவைக் கூடத்தில் ஒரு நிமிஷத்து ஊழியர் செலவு 4 பவுண்டு 44 பென்ஸ்; மீட்பறையிலோ 33 பென்ஸ்தான்.

பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருக்கும் 70 கிலோ எடையுள்ள ஒருவரை மனத்தில் நிறுத்துங்கள். அவருடைய தளர்ச்சி நடுத்தரமானது என்றால், கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 140 மில்லிகிராம் போதும். ஒரு குப்பி உடைக்க வேண்டும், மீதி 60 மில்லிகிராம் வீண். மிச்சமாவது 11 நிமிஷம். அது அறுவைக் கூடத்து நிமிஷமானால் அதன் மதிப்பு ஏறக்குறைய 49 பவுண்டு. குப்பியின் விலைக்குப் பத்துப் பவுண்டு போலக் குறைகிறது. மீட்பறை நிமிஷமானால் மூன்றரைப் பவுண்டுக்குச் சற்று மேல். கணக்கு அடியோடு கவிழ்கிறது. அதே மனிதரின் தளர்ச்சி ஆழ்ந்ததாக இருந்தால், கிலோவுக்கு 4 வீதம் 280 மில்லிகிராம், அதாவது இரண்டு குப்பி, 119 பவுண்டு ஆகிறது; மிச்சமாகும் 46 நிமிஷத்தின் அறுவைக் கூடத்து மதிப்போ 204 பவுண்டு. விலையுயர்ந்த மருந்து இங்கே 85 பவுண்டு லாபம் காட்டுகிறது. ஆகவே, மருந்தின் விலை ஒன்றேயானாலும், பந்தியில் எத்தனை வேற்றாள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஊதாரித்தனமாகவும் சிக்கனமாகவும் மாறி மாறித் தோன்றுகிறது.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. பெரிய அளவில் ரோகுரோனியம் கொடுத்த மறுகணமே, குழாயும் நுழையவில்லை, முகமூடி வழியாகக் காற்றும் செல்லவில்லை என்ற பயங்கரம் நேர்ந்தால், கிலோவுக்கு 16 வீதம் 1,120 மில்லிகிராமை ஒரே மூச்சில் செலுத்தித் தளர்ச்சியைத் துடைத்தெறியலாம். ஆறு குப்பி; சுமார் 358 பவுண்டு. அடைபட்ட சுவாசப்பாதையை மருந்து திறந்துவிடாது என்றாலும், நோயாளி தம் பலத்தால் மூச்சுவிட முயல்வதற்கு அது வாய்ப்பளிக்கிறது. அந்த நேரத்தில் விலை கேட்பவர் எவரும் இருக்கமாட்டார். ஆனால் அக்குப்பிகள் கையெட்டும் தூரத்தில் இருந்தனவா என்பதை, மாதங்களுக்கு முன்பே விலை கேட்ட யாரோ நிர்ணயித்திருப்பார்.

நிமிஷக் கணக்கை நான் முழுமையாக நம்புவதில்லை. காலையில் ஒரு நோயாளியிடம் 11 நிமிஷமும், மத்தியானம் மற்றொருவரிடம் 9 நிமிஷமும் மிச்சமானால், அவற்றைச் சேர்த்து உண்டியலில் போட்டு மாலையில் இன்னோர் அறுவையாக எடுக்க முடியாது. தாதியருக்கும் உதவியாளருக்கும் அன்றைய சம்பளம் அன்றைய சம்பளமே. நெஞ்சில் தைக்கும் கணக்கு வேறு: மருந்து மாறினால் எத்தனை பேர் நோயிலிருந்து தப்புகிறார்கள்? அமெரிக்காவின் 12 மருத்துவமனைகளில் 45,712 நோயாளிகளின் பதிவேடுகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், கடுமையான நுரையீரல் சிக்கல்கள் நியோஸ்டிக்மின் பெற்றவர்களில் நூற்றுக்கு 4.8, சுகமாடெக்ஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு 3.5. வித்தியாசம் 1.3 என்றால், 77 பேருக்கு மருந்தை மாற்றினால் ஒருவர் தப்புவார். பழைய பிரிட்டிஷ் விலையில் 77 குப்பிகள் சுமார் 4,600 பவுண்டு. நுரையீரல் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்கில் கிடப்பவருக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டால் விபரீதமான தொகையாகத் தோன்றவில்லை. ஆனால் அது பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வேயன்றி, சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரித்த பரிசோதனை அன்று. முந்தைய ஆண்டு ஐரோப்பாவில் 22,803 பேரிடம் நடந்த மற்றொரு பெரிய ஆய்வில் இந்த நன்மை தென்படவில்லை. ஆதலால் இந்த 77-ஐச் சுவரில் எழுதிவைக்க நான் சொல்லமாட்டேன்.

மலிவு என்பதும் ஒரு மருந்தின் பிறவிக்குணம் அன்று. பல்லாண்டுகளாக முறையான அங்கீகாரம் இல்லாமலே அமெரிக்காவில் புழங்கிவந்த நியோஸ்டிக்மினுக்கு, 2013-இல் ஒரு நிறுவனம் முறைப்படி அங்கீகாரம் பெற்றதும், மற்றவர்களின் சரக்கு சந்தையிலிருந்து விலக, எண்பது வயதான அந்தப் பழைய மருந்தின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. புதிய மருந்தும், காப்புரிமைக் காலம் முடிந்தபின் அதே விலையில் நிற்பதில்லை.

புதிய மருந்தின் குறைகள்

சுகமாடெக்ஸ் மாசற்றதன்று. ஐரோப்பா 2008-இல் அனுமதித்த இம்மருந்தை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வாமை பற்றிய ஐயத்தால் அதே ஆண்டில் திருப்பியனுப்பி, 2015 டிசம்பரில்தான் ஏற்றது. ஆரோக்கியமான தொண்டர்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, 299 பேரில் மிக உயர்ந்த அளவு பெற்ற ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி கண்டது. வழக்கமான அளவுகளில் அது அபூர்வம். நாடி திடீரென்று தணிவதும், மிக அரிதாக இருதயம் நின்றுபோவதும் பதிவாகியிருக்கின்றன. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றவர்களுக்கு, பூட்டிய ஜோடிகள் வெளியேற வழியில்லாததனால், மருந்துக் குறிப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை.

நம் பெண்களிடம் அநேகமாக யாரும் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அந்தச் சர்க்கரை வளையத்தின் குழிவு ஸ்டீராய்டுச் சட்டங்களுக்காக வெட்டப்பட்டது. கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனுக்கும் அதே சட்டம்தான். சுகமாடெக்ஸ் பெற்ற அன்று, மாத்திரை சாப்பிடத் தவறியதற்குச் சமமான நிலை ஏற்படலாம். அடுத்த ஏழு நாட்களுக்கு ஹார்மோன் சாராத வேறொரு தடுப்பையும் கைக்கொள்ள வேண்டும். உறங்கிக்கொண்டிருந்தபோது தம் ரத்தத்தில் எது சென்றதென்றே அறியாத ஒரு பெண், சொன்னாலொழிய இதை எவ்வாறு அறிவாள்? வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித்தரும் சீட்டில் இந்த ஒரு வரிக்கு இடமில்லாமற் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

யார் அளப்பது?

மேற்சொன்ன கணக்குகள் எல்லாவற்றிலும், தளர்ச்சி நடுத்தரமா ஆழ்ந்ததா என்பது நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பேசினோம். அது எப்படித் தெரியும்?

லிவர்பூலைச் சேர்ந்த அலி, அட்டிங், கிரே ஆகிய மூவர் 1970-இல் அதற்கு ஓர் எளிய வழி வகுத்தார்கள். மணிக்கட்டின் உட்புறம், சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பின் மேல், அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுத்தால், கட்டைவிரல் நான்கு முறை உள்நோக்கி வெட்டும். தளர்ச்சி மிச்சமிருந்தால் ஒவ்வொரு வெட்டும் முந்தியதைவிடச் சோர்ந்திருக்கும்; ஆழ்ந்திருந்தால் நான்காவது, மூன்றாவது என்று கடைசியிலிருந்து மறைந்துகொண்டே வரும். நான்காவது வெட்டின் பலத்தை முதல் வெட்டின் பலத்தால் வகுத்தால் வருவதை நால்துடிப்பு விகிதம் என்போம். முற்காலத்தில் அது 0.7 எட்டினால் போதுமென்று எண்ணினார்கள். தொண்டைத் தசைகளை ஆராய்ந்த பின், 0.9-க்குக் குறைந்தால் பத்திரமில்லை என்று முடிவாயிற்று.

கண்ணாலும் கையாலும் இதைக் கணிக்க முடியுமென்று நம்பும் மருத்துவர்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் விகிதம் 0.4-ஐத் தாண்டியதும், எத்தகைய கைதேர்ந்தவருக்கும் நான்கு வெட்டுகளும் ஒன்றுபோலவே தோன்றும். 0.4-லிருந்து 0.9 வரையுள்ள அந்த நீண்ட பாதை முழுவதும் மனிதப் புலனுக்கு இருட்டு. நோயாளிக்கு அபாயம் இருப்பதும் அந்தப் பாதையிலேதான். "தலையைத் தூக்குங்க, அஞ்சு எண்ற வரைக்கும் வச்சிருங்க" என்று சொல்லிப் பார்க்கும் சோதனைக்கும் அதே கதி. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கமின்றித் தசைத்தளர்த்தி மட்டும் ஏற்றுக்கொண்ட நியூயார்க்கின் பத்துத் தொண்டர்கள், சராசரி 0.6 அளவிலேயே தலையைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள், 0.9 வந்தபோதும் அவர்களுக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நோயாளியோ, அரை மயக்கத்தில், இது தளர்ச்சி என்று பெயர் சொல்லக்கூட இயலாதவர்.

நேரம் கடந்துவிட்டது, தானே நீங்கியிருக்கும் என்ற ஊகத்துக்கும் பிரான்சில் 2003-இல் வந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. ஒரே ஒரு முறை மட்டும் தசைத்தளர்த்தி கொடுக்கப்பட்டு, முறிவு மருந்து ஏதும் பெறாத 526 பேரை மீட்பறையில் அளந்தபோது, நூற்றுக்கு 45 பேர் 0.9-ஐ எட்டவில்லை, மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களிலேகூட நூற்றுக்கு 37 பேர் எட்டவில்லை. விலையுயர்ந்த மருந்தை வாங்கிவிட்டால் அளக்க வேண்டாம் என்பதும் சரியன்று: ஜப்பானில் அளவுமானி இன்றிச் சுகமாடெக்ஸ் கொடுத்தவர்களில், 2013-இல் வெளியான கணக்குப்படி, நூற்றுக்கு 4 பேர் போல எஞ்சிய தளர்ச்சியோடே இருந்தார்கள். நியோஸ்டிக்மின் பெற்றவர்களில் அது 24.

இவ்விரு மருந்துகளைப் பற்றிய விவாதங்களை எல்லாம் படித்த பிறகு என் மனத்தில் நிலைத்தது இதுதான்: எந்தக் குப்பியை வாங்குவது என்ற வாதத்தில் செலவிடும் சக்தியில் ஒரு பங்கையேனும், கட்டைவிரலில் மாட்டி விகிதத்தை எண்ணாகக் காட்டும் அந்தச் சிறு யந்திரத்தை ஒவ்வொரு கூடத்திலும் வைப்பதில் செலவிட்டிருந்தால், மருந்துக் கணக்கும் தானே சீர்ப்பட்டிருக்கும். அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கையாலும் கண்ணாலும் கணிப்பதை விட்டு, எண்ணால் அளக்கவே சொல்கிறது. தளர்ச்சி ஆழமாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் சுகமாடெக்ஸைப் பரிந்துரைக்கிறது; விகிதம் 0.4-ஐத் தாண்டி 0.9-ஐ எட்டாமல் இருந்தால் நியோஸ்டிக்மினைத் தக்க மாற்றாக ஏற்றுக்கொள்கிறது.

நம் 70 கிலோ மனிதரிடம் மறுபடி போவோம். தோலில் கடைசித் தையல் விழுகிறது; மணிக்கட்டில் ஒட்டிய தகடுகள் வழியே நான்கு துடிப்புகள் செல்கின்றன; திரையில் 0.5 என்று எண் தோன்றுகிறது. கட்டைவிரலைக் கண்ணால் பார்த்தவருக்கு அது முழுப்பலத்தோடு வெட்டுவதாகவே தோன்றியிருக்கும், குழாயை அப்போதே எடுத்திருப்பார். எண்ணைப் பார்த்தவர் நியோஸ்டிக்மினையும் கிளைகோபைரோலேட்டையும் மெல்லச் செலுத்திவிட்டு, மயக்கத்தை மட்டும் இன்னும் சற்று நீட்டித்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் திரையின் முன் உட்காருகிறார். 0.6; 0.7, வெகுநேரம் 0.8. வெளியே பெஞ்சியிலிருந்து எழுந்து வந்த மனைவி, கதவைப் பாதி திறந்து தலைநீட்டிய தாதியிடம், "ஆபரேஷன் முடிஞ்சு இவ்வளவு நேரமாச்சே, சிஸ்டர், ஏன் இன்னும் வெளிய கொண்டாரல?" என்று கேட்கிறாள். "இன்னும் பத்து நிமிஷம்மா" என்கிறாள் தாதி.